ஸ்பெயின்ல வாசிச்சுப் பொழைக்க வர்றீங்களா? சாப்பாட்டுக் கணக்கை முதல்ல கத்துக்கோங்க

வலென்சியால 2012ல பெர்க்லி மியூசிக் காலேஜோட கேம்பஸ் வந்துச்சு, அதுல படிக்க வந்து அப்படியே ரெண்டு பேண்டுல சேர்ந்து வாசிக்க ஆரம்பிக்கிற நம்ம பசங்க இருக்காங்க, ஸ்பெயினோட ஃப்ளமெங்கோ இசையோட கலந்து வாசிக்கணும்னு மாட்ரிட், செவில் பக்கம் வர்ற தபேலா, கஞ்சிரா ஆளுங்களும் இருக்காங்க. வந்தவங்க எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு பசி உயிர் போகுது, தெருவுல பத்து பார் இருக்கு, ஒண்ணுலயும் சூடா சாப்பாடு தர மாட்டேங்கறான், என்னண்ணா ஊரு இது?"

விஷயம் என்னன்னா, இந்த ஊர்ல அடுப்பு எரியுற நேரமும் நம்ம வேலை நேரமும் நேரெதிர். அதைப் புரிஞ்சுக்கிட்டா செலவும் கம்மி, வயிறும் கெடாது.

படி 1: ஊர் கடிகாரத்தைப் பாருங்க

காலைல எட்டு ஒம்போதுக்கு ஒரு காஃபி, ஒரு டோஸ்ட், அவ்ளோதான். பத்தரை பதினொண்ணுக்கு ரெண்டாவது தடவை கொஞ்சம் கெட்டியா சாப்பிடுவாங்க. மதிய சாப்பாடு 2 மணிலேருந்து 4 மணிக்குள்ள. சாயங்காலம் ஆறு மணி வாக்குல லேசா ஏதாவது கொறிப்பாங்க. ராத்திரி சாப்பாடு 9க்கு மேலதான். நடுவுல 4 மணிலேருந்து எட்டு எட்டரை வரைக்கும் பெரும்பாலான இடத்துல கிச்சன் மூடிடும், பார் மட்டும் திறந்திருக்கும்.

இவ்ளோ லேட்டா சாப்பிடுறதுக்கு சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. ஸ்பெயின் இருக்கிறது லண்டனுக்கு நேர் தெக்கே, ஆனா 1940ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சவங்க திருப்பி வைக்கவே இல்ல. அதனால கோடைல கடிகாரத்துல மணி 2 ஆகும்போது சூரியன் கணக்குல நடு மதியம்தான், வடமேற்கு மூலைல இருக்கிற கலீசியா பக்கம் ராத்திரி பத்து மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும்.

இப்போ நம்ம வேலையை இது மேல வெச்சுப் பாருங்க. கச்சேரிய இங்க வாசிக்கிறவங்க போலோன்னுதான் சொல்வாங்க. சவுண்ட்செக் 5 இல்ல 6 மணி, போலோ ஆரம்பிக்கிறது பத்து, முடிச்சு வயரெல்லாம் சுத்தி வண்டில ஏத்த பன்னெண்டரை ஆயிடும். சவுண்ட்செக் முடியறப்போ கிச்சன் திறந்திருக்காது, வாசிச்சு முடிக்கிறப்போ கிச்சன் மூடியிருக்கும். நடுவுல ஒம்போதுல இருந்து பத்து வரைக்கும் ஒரு மணி நேரம் கிடைக்கும், அப்போ வயிறு முட்ட சாப்பிட்டா பாட்டுப் பாடுறவங்களுக்கு மூச்சு நிக்காது.

படி 2: ரெண்டு மணி சாப்பாட்டை விடவே விடாதீங்க

அன்னிக்கு உங்க முக்கியமான சாப்பாடு இதுதான். வார நாள்ல மதியம் எந்தத் தெருவுல நடந்தாலும் வாசல்ல ஒரு கரும்பலகை இருக்கும், மெனூ தெல் தியான்னு, அன்னிக்குள்ள செட் சாப்பாடுன்னு அர்த்தம். முதல் தட்டுக்கு மூணு நாலு ஐட்டம், ரெண்டாவது தட்டுக்கு மூணு நாலு, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு எடுத்துக்கலாம், ரொட்டி, குடிக்க ஒண்ணு, கடைசில இனிப்பு இல்ல காஃபி, எல்லாம் சேர்த்து பொதுவா 12லேருந்து 16 யூரோ. நம்ம ஊர் ஃபுல் மீல்ஸ் மாதிரி, ஆனா திரும்பக் கேட்டா சோறு போட மாட்டாங்க. இது 1960கள்ல மனுவெல் ஃப்ராகா சுற்றுலா அமைச்சரா இருந்தப்போ டூரிஸ்டுகளுக்காகன்னு அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு, இப்போ டூரிஸ்டை விட அதிகமா பெயிண்டரும் பேங்க் ஆளுங்களும் நம்மள மாதிரி ஆளுங்களும்தான் சாப்பிடுறாங்க.

எந்தக் கடைன்னு எப்படித் தேர்ந்தெடுக்கிறது? பலகைல கையால எழுதியிருக்கணும், ரெண்டேகாலுக்கு உள்ள வேலை டிரஸ்ல ஆளுங்க உக்காந்திருக்கணும், போட்டோ போட்ட மெனு வாசல்ல நின்னா தள்ளிப் போயிடுங்க. பல ஊர்ல வியாழக்கிழமை மெனுல பயேயா, அதாவது அகலச் சட்டில பண்ற அரிசிச் சாப்பாடு, வரும். சனி ஞாயிறுல மெனு இருக்காது, இருந்தாலும் விலை கூட.

ஒரு எச்சரிக்கை. "குடிக்க ஒண்ணு"ன்னு சொன்னேன்ல, ஒயின்னு சொன்னா சில கடைல ஒரு பாட்டிலையே மேசைல வெச்சுட்டு போயிடுவாங்க, கூட கலந்துக்க சோடா வேற. காசு கூட இல்லையேன்னு ரெண்டு மூணு கிளாஸ் உள்ள போச்சுன்னா அஞ்சு மணி சவுண்ட்செக்ல டெம்போ தானா இழுக்கும், டிரம்மர் பக்கத்துல நின்னவங்களுக்குத் தெரியும். தண்ணி கேளுங்க.

படி 3: நாலுலேருந்து எட்டரை வரைக்கும் தாக்குப் பிடிக்கிறது

கிச்சன் மூடியிருந்தாலும் கவுன்டர் மேல கண்ணாடிப் பெட்டி ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள இருக்கிறது எல்லாம் எந்நேரமும் கிடைக்கும். உருளைக்கிழங்கு தோர்த்தியா, அதாவது கெட்டியான முட்டை ஆம்லெட், ஒரு துண்டு, கூட ரொட்டி, ரெண்டு மூணு யூரோக்குள்ள முடியும், அதுதான் சவுண்ட்செக்குக்கு ஏத்த சாப்பாடு. அது இல்லன்னா போக்காதியோ, நீள ரொட்டிக்குள்ள என்ன வேணா வெச்சுக் குடுப்பாங்க.

வலென்சியால இருந்தா இன்னும் நல்லது, அங்க ஓர்சாத்தான்னு ஒரு பானம், கோரை வகையைச் சேர்ந்த சின்னக் கிழங்கை ஊற வெச்சு அரைச்சுப் பிழிஞ்சு குளிரக் குளிரத் தருவாங்க, பால் கிடையாது, நீளமா மெத்துனு ஒரு பன் கூட வரும், தொட்டு சாப்பிடணும். அல்போராயா பக்கம் விளையுற கிழங்கு. மேடைக்குப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இதை விட நல்ல ஐட்டம் எனக்குத் தெரியல.

படி 4: போலோ ஒத்துக்கறதுக்கு முன்னாடியே சாப்பாடு பேசிடுங்க

புதுசா வர்றவங்க சம்பளம் எவ்ளோன்னு மட்டும் கேட்டுட்டு "சரி, வரேன்"னு சொல்லிடுறாங்க. 80 யூரோ போலோ, அதுல ராத்திரி சாப்பாடு 18, ரெண்டு பீர் 6, நடுராத்திரி டாக்ஸி ஒண்ணு, மிச்சம் என்ன இருக்குன்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. அதனால வாட்ஸாப்லயே எழுதி வாங்கிடுங்க. "இன்க்லூயே செனா?"ன்னு ரெண்டு வார்த்தை போதும், ராத்திரி சாப்பாடு உண்டான்னு அர்த்தம், இதைக் கேக்குறதுல யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, கேக்கலன்னாதான் "புது ஆளு போல"ன்னு நினைப்பாங்க.

பதில் பொதுவா நாலு மாதிரி வரும். ஒண்ணு, ராத்திரி சாப்பாடு உண்டு, பேண்ட் மொத்தமும் ஒரே மேசைல, எட்டரைக்கு. இது வந்தா கும்பிட்டு வாங்கிக்கோங்க. ரெண்டாவது, போக்காதியோவும் டிரிங்க் டிக்கெட்டும், சின்ன பார்கள்ல இதுதான் வழக்கம், ஆளுக்கு ரெண்டு டிக்கெட் குடுப்பாங்க, அது பீருக்கு மட்டுமா காக்டெயிலுக்குமான்னு பார்ல நிக்கிற ஆளுகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, ஆட்டம் முடிஞ்சப்புறம் அந்த வாக்குவாதம் வேண்டாம். மூணாவது, தியேட்டாஸ், அதாவது சாப்பாட்டுக்குன்னு தனியா ஒரு படிக்காசு, வெளியூர் போலோவுக்கு தியேட்டர், ஃபெஸ்டிவல்காரங்க தருவாங்க. நாலாவது ஒண்ணும் கிடையாது. ஒண்ணும் இல்லன்னா வேண்டாம்னு சொல்லணும்னு இல்ல, கையில டப்பாவோட போகணும்.

கொஞ்சம் பெரிய இடத்துல ரைடர்ல, அதாவது வாசிக்க வர்றவங்க தேவையெல்லாம் எழுதிக் குடுக்கிற பட்டியல்ல, கேட்டரிங் எழுதலாம். எழுதலன்னா டிரெஸ்ஸிங் ரூம்ல என்ன இருக்கும்னு நான் இப்பவே சொல்லிடுறேன்: ஒரு தட்டு ஹமோனும் (உப்புல பதப்படுத்துன பன்னித் தொடை) சொரீசோவும் (மிளகாப்பொடி போட்ட பன்னி சாசேஜ்), ஒரு தட்டு சீஸ், சிப்ஸ் பாக்கெட், பீர், தண்ணி, வாழைப்பழம் நாலு. கறி சாப்பிடாதவங்களுக்கு சீஸும் சிப்ஸும்தான் ராத்திரி சாப்பாடு. "சூடா ஒரு ஐட்டம், கறி மீன் ரெண்டும் இல்லாம ஒருத்தருக்கு"ன்னு ரைடர்ல ஒரு வரி சேர்த்துட்டா வேலை முடிஞ்சுது.

மாட்ரிட்ல கொரால் தெ லா மொரேரீயான்னு 1956ல இருந்து நடக்குற ஃப்ளமெங்கோ தப்லாவ் ஒண்ணு, அதாவது ஃப்ளமெங்கோ ஆட்டம் பாட்டு நடக்குற மேடை இருக்கிற இடம், அங்க இருக்கிற ரெஸ்டாரன்ட் மிச்சலின் ஸ்டாரே வாங்கியிருக்கு. அதைப் பார்த்துட்டு தப்லாவ்னாலே வாசிக்கிறவங்களுக்கு விருந்துன்னு கனவு காணாதீங்க, தப்லாவ்ல ராத்திரிக்கு ரெண்டு ஷோ இருந்தா நடு இடைவெளில கவுன்டர்ல நின்னு எதையாவது வாயில போட்டுக்கற வேலைதான் பெரும்பாலும்.

படி 5: பார்ல எப்படிக் குடிக்கிறது

காஃபில மூணு பெயர் தெரிஞ்சா போதும். சோலோன்னா சின்ன கப்புல கறுப்பா, கொர்தாதோன்னா அதுல ஒரு சொட்டு பால், கோன் லெச்சேன்னா பாதிக்குப் பாதி பால். இந்த ஊர் ஆளுங்க கோன் லெச்சேவை காலைல குடிப்பாங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் கொர்தாதோ. நீங்க எப்ப வேணா குடிங்க, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, நம்ம ஃபில்டர் காஃபி நாக்குக்கு கோன் லெச்சேதான் கிட்டத்துல வரும்.

பீர்னா கான்யா கேளுங்க, சுமார் 200 மில்லி, சில்லுனு இருக்கும்போதே முடிஞ்சிடும், ரெண்டு செட்டுக்கு நடுவுல பெரிய கிளாஸ் வாங்கி சூடாக்கிக் குடிக்க வேண்டாம். பாஸ்க் பக்கம் போனா சுரீத்தோன்னு அதை விடச் சின்னது. க்ளாரான்னா பீர்ல லெமன் சோடா கலந்தது. குடிக்கிறதில்லையா, வெட்கமே வேண்டாம், "சின்"னு ஒரு வார்த்தை சொன்னாலே ஆல்கஹால் இல்லாத பீர் வந்துடும், எந்தக் குக்கிராம பார்லயும் இருக்கும், வண்டி ஓட்டுற பாஸ் கிட்டார்க்காரன் எப்பவும் அதைத்தான் வாங்குவான். திராட்சை ஜூஸ் வேணும்னா மோஸ்தோ.

தண்ணி விஷயம். 2022ல வந்த கழிவுச் சட்டப்படி பார், ரெஸ்டாரன்ட் எல்லாம் பாட்டில் இல்லாத தண்ணிய இலவசமா குடுக்கணும். "ஆகுவா தெல் கிரிஃபோ"ன்னு கேளுங்க, பைப் தண்ணின்னு அர்த்தம். மாட்ரிட்ல பைப் தண்ணி அருமையா இருக்கும், பார்சிலோனா, வலென்சியா பக்கம் குடிக்கலாம் ஆனா உப்பும் குளோரினும் நாக்குல நிக்கும், அங்க வீட்டுக்கு நிறைய பேர் கேன் வாங்குறாங்க.

காசு கடைசில குடுத்தா போதும், குடிச்சதை எல்லாம் பார்க்காரர் மனசுலயே வெச்சிருப்பார். டிப் கட்டாயம் இல்ல, சில்லறைய விட்டுட்டு வந்தா போதும். வெளிய நாற்காலி போட்ட இடத்துல உக்காந்தா பல கடைல விலை கொஞ்சம் கூட. பேண்டோட போனா ஆளுக்கு ஆள் பிரிச்சுக் கணக்கு பாக்குறது இங்க அவ்ளோ கிடையாது, இந்த ரவுண்டு ஒருத்தர், அடுத்த ரவுண்டு இன்னொருத்தர், நீங்க ஜூஸ் குடிச்சாலும் உங்க ரவுண்டு வரும்போது பர்ஸை எடுத்துடுங்க. அடுத்த போலோவுக்கு யாரைக் கூப்பிடலாம்னு அந்த மேசைலதான் முடிவாகுது.

படி 6: கறி சாப்பிடாதவங்களுக்கு

இது கொஞ்சம் பெரிய கதை. "நான் வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா தட்டுல டூனா மீன் வரும், இல்லன்னா பொடிப்பொடியா ஹமோன் தூவி வரும், அவங்களுக்கு அது கறின்னே தோணாது. அதனால முழுசா சொல்லணும்: "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்". கறி இல்ல, மீன் இல்ல, ஹமோனும் இல்ல. மூணையும் சொல்லுங்க.

ஏமாத்துற ஐட்டம்: மிக்ஸ்டு சாலட்ல டூனா இருக்கும். பருப்பு, கொண்டைக்கடலைன்னு ஆசையா ஆர்டர் பண்ணினா அடில சொரீசோ கிடக்கும். உருளைக்கிழங்கு மயோனைஸ் போட்ட ரஷ்யன் சாலட்லயும் டூனா. குரோக்கெத்தான்னு பொரிச்ச சின்ன உருண்டை வரும், அதுல முக்காவாசி ஹமோன். கோர்தோபா பக்கத்து சால்மொரேஹோ தக்காளி சூப்தான், ஆனா மேல முட்டையும் ஹமோனும் தூவுவாங்க, வேண்டாம்னு சொன்னா தூவாம தருவாங்க. கிறிஸ்துமஸ் நேரத்துல டிரெஸ்ஸிங் ரூம்ல வர்ற மன்தெகாதோ இனிப்பும், மயோர்க்காவோட என்சைமாதா பன்னும் பன்னிக் கொழுப்புல பண்றது, அதைச் சாப்பிடாதவங்க கவனம்.

நம்பிச் சாப்பிடலாம்னா: தக்காளி தேய்ச்ச ரொட்டி, பத்ரோன் மிளகாய் வறுவல், காரமான தக்காளி சாஸ் ஊத்துன உருளைக்கிழங்கு, தேன் ஊத்துன கத்தரிக்காய் வறுவல், கத்தலான் பக்கத்துல சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் எண்ணெயில போட்ட எஸ்கலிவாதா, கோடைல கஸ்பாச்சோங்கற ஜில்லுனு தக்காளி சூப். செவில்ல கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு ஒரு ஐட்டம் பண்றாங்க, எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ், வீட்டு ஞாபகம் வந்துடும். முட்டை சாப்பிட்டா தோர்த்தியா இருக்க பயமேன்.

ஊர் ஊரா போறப்போ

வலென்சியாலதான் பேண்ட் வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு ராஜமரியாதை. அந்த வலென்சியா பிராந்தியம் முழுக்க ஊருக்கு ஒரு மியூசிக் சொசைட்டி, மொத்தம் 500க்கு மேல. மார்ச்ல ஃபாயாஸ் திருவிழா வந்தா காலைல எட்டு மணிக்கே வெடி வெடிச்சு ஊரை எழுப்புவாங்க, பின்னாடியே பேண்ட் போகும். அதுக்கு அப்புறம் வர்றதுதான் எஸ்மொர்சாரெத், பத்தரை மணி சாப்பாடு. டிராம்போனை எல்லாம் நாற்காலிக்கு அடில தள்ளிட்டு நீள மேசைல உக்காருவாங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே ஆலிவ், தோலோட வேர்க்கடலை, ஊறுன மஞ்சள் லூப்பின் கொட்டை வந்துடும், லூப்பினைப் பல்லால லேசா கடிச்சுத் தோலைப் பிதுக்கிச் சாப்பிடணும், தோலோட முழுங்கினா பக்கத்துல இருக்கிற ட்யூபாக்காரர் சிரிப்பார். அடுத்து முழங்கை நீளத்துக்கு போக்காதியோ. கடைசில கிரெமாயெத்: ரம், சர்க்கரை, எலுமிச்சைத் தோல், பட்டை, ரெண்டு மூணு காஃபிக் கொட்டை, எல்லாத்தையும் பத்த வெச்சு எரிச்சு அது மேல காஃபிய ஊத்துவாங்க, கண்ணாடி கிளாஸ்ல அடுக்கடுக்கா நிறம் தெரியும். அதைக் குடிச்சுட்டு மறுபடி எழுந்து பாசோதோப்லேன்னு ஊர்வல மெட்டு வாசிச்சுக்கிட்டே நடக்கணும், அதனால ரம் வேண்டாம்னா வெறும் கொர்தாதோ கேட்டா யாரும் வற்புறுத்த மாட்டாங்க.

கலீசியாவுல கோடை முழுக்க கிராமத் திருவிழா, பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள், வாசிப்பு விடியக்காலை மூணு நாலு வரைக்கும் போகும். சில ஊர்ல மதியம் ஒரு மணிக்கும் வெர்முத் செஷன்னு (வெர்முத்னா சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிற மூலிகை ஒயின்) ஒண்ணு வாசிக்கணும். திருவிழாக் கமிட்டிதான் பேண்டுக்கு சாப்பாடு போடும், மரத்தட்டுல ஆக்டோபஸ், மேல மிளகாப்பொடியும் கல்லுப்பும் ஆலிவ் எண்ணெயும். வண்டில கொண்டு போக எம்பனாதா வாங்கிக்கோங்க, உள்ள பூரணம் வெச்சு சுட்ட தட்டையான பெரிய ரொட்டி மாதிரி, ஆறிப் போனாலும் நல்லா இருக்கும், ஆனா உள்ள டூனா இல்ல கறி.

கிரனாதாவுல வாசிக்க கூப்பிட்டா கொஞ்சம் சம்பளம் கம்மின்னாலும் யோசிக்கலாம். அங்க ஒரு டிரிங்க் வாங்கினா ஒரு தப்பா (tapa), அதாவது சின்னத் தட்டுல சாப்பிட ஏதாவது ஒண்ணு, இலவசம், அடுத்த டிரிங்குக்கு வேற தப்பா, மூணு ரவுண்டுல வயிறு ரொம்பிடும். லெயோன், ஹயேன், அல்மெரியாலயும் இப்படித்தான். கறி வேண்டாம்னா டிரிங்க் ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடணும், தட்டு வந்தப்புறம் சொன்னா பார்க்காரர் மூஞ்சி மாறும்.

நடுராத்திரிக்கு மேல

கெபாப் கடை, அங்க ஃபலாஃபெல் கிடைக்கும். ஹைவேல பெட்ரோல் பங்க் கடை. மாட்ரிட்ல 1894ல இருந்து இருக்கிற சான் ஹினெஸ் கடை, சுர்ரோவும் (எண்ணெயில பொரிச்ச நீள மாவுப் பலகாரம்) கெட்டி சாக்லேட்டும், விடியக்காலைலயும் கூட்டம் நிக்கும். மாட்ரிட்லயும் அந்தலூசியாவுலயும் ராத்திரி 10க்கு மேல கடைல சரக்கு விக்கக் கூடாது, அதனால வாசிச்சுட்டு வந்து வாங்கிக்கலாம்னு இருக்காதீங்க. தெருவுல நின்னு குடிச்சா பல ஊர்ல ஃபைன்.

படி 7: வீட்டு அடுப்பு

வாரத்துல மூணு நாள் போலோ இருந்தா மிச்ச நாலு நாளாவது வீட்ல சமைங்க, இல்லன்னா கைல ஒண்ணும் நிக்காது. மெர்காதோனா சூப்பர்மார்க்கெட் பொதுவா ராத்திரி ஒம்போதரைக்கு மூடும், பெரும்பாலான ஊர்ல ஞாயித்துக்கிழமை திறக்காது, சனிக்கிழமை போலோவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வாங்கி வெச்சுடுங்க. புழுங்கலரிசி வேணும்னா "வப்போரிஸாதோ"ன்னு போட்டிருக்கிற அரிசி வாங்குங்க, அதுதான் புழுக்குனது. உருண்டை அரிசி பயேயாவுக்கு, சாதத்துக்கு எடுத்தா குழையும். கண்ணாடி ஜார்ல வேக வெச்ச கொண்டைக்கடலை ஒரு யூரோ சொச்சத்துக்குக் கிடைக்கும், கழுவிட்டு தாளிச்சா பத்து நிமிஷத்துல சுண்டல் ரெடி, போலோவுக்குக் கொண்டு போக இதை விட லேசானது இல்ல. ஸ்பெயின்காரங்களே டப்பா கட்டிட்டுப் போறவங்கதான், "தூப்பெர்"னு சொல்வாங்க, அதுல ஒண்ணும் அசிங்கம் கிடையாது. பருப்பு, மசாலா, புளிக்கு மாட்ரிட்ல லவாப்பியேஸ் பக்கத்து வங்கதேசத்துக்காரங்க கடை, பார்சிலோனால ரவால் பக்கத்து பாகிஸ்தான்காரங்க கடை.

பில்லைத் தூக்கிப் போடாதீங்க

அவுத்தோனோமோவா, அதாவது சொந்தத் தொழில்னு பதிவு பண்ணி வாசிக்கிறவங்களா இருந்தா, வெளியூர் போலோவுக்குப் போய் சாப்பிட்ட செலவை வரிக் கணக்குல கழிக்கலாம். ஸ்பெயினுக்குள்ள நாளைக்கு 26.67 யூரோ வரைக்கும், ராத்திரி தங்கினா 53.34 வரைக்கும். ஆனா ஹோட்டல், ரெஸ்டாரன்ட், பார் மாதிரி இடத்துல சாப்பிட்டிருக்கணும், கார்டுல கட்டியிருக்கணும், ரொக்கமா குடுத்தா செல்லாது. பேரும் வரி நம்பரும் போட்டு ஃபக்தூரா, அதாவது முறையான பில், கேளுங்க, பார்க்காரர் முனகிக்கிட்டே எழுதிக் குடுப்பார். அந்தத் தேதில அந்த ஊர்ல போலோ இருந்துச்சுன்னு காட்ட காண்ட்ராக்டோ போஸ்டரோ கூட வெச்சுக்கோங்க. ஸ்டூடண்ட் விசால இருக்கிறவங்க இதுக்கெல்லாம் முன்னாடி காசு வாங்கி வாசிக்க அனுமதி இருக்கான்னு ஒரு கெஸ்தோர்கிட்ட (வரி, பதிவு மாதிரி பேப்பர் வேலை பாக்குறவர்) கேட்டுட்டு இறங்குங்க.